கொளஞ்சியப்பரிடம் பிராது கட்டினேன், அப்புறம் கலெக்டரிடம் மனு கொடுத்தேன்

என் வீட்டுக்காரர் போனது 2023 ஐப்பசியில். மேட்டூர் அணையை அக்டோபர் 10ஆம் தேதியே மூடிவிட்ட வருஷம் அது. விதைத்த சம்பா காய ஆரம்பித்ததும், பக்கத்து போர்செட்காரரிடம் மணிக்கணக்குக்குக் காசு கொடுத்துத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தோம். ராத்திரி மடை மாற்றப் போனவர் வரப்பில் உட்கார்ந்தவாக்கிலேயே போய்விட்டார். அதைப் பற்றி இதற்கு மேல் என்னால் எழுத முடியாது. அதற்கப்புறம் தனியாக நின்று நான் பட்டதையும், கொளஞ்சியப்பர் என்கிற முருகனிடம் பிராது, அதாவது புகார் மனு, எழுதிக் கட்டியதையும்தான் எழுத வந்தேன். துக்கம் விசாரிக்க வந்தவர்கள் எல்லாரும் ஒன்றைத்தான் சொன்னார்கள்: "சாமி மேல பாரத்தைப் போட்டுட்டு இரும்மா." எப்படிப் போடுவது, போட்ட பிறகு நான் என்ன செய்வது என்று ஒருத்தரும் சொல்லவில்லை. பட்டா, அடங்கல், வாரிசு என்று என்னென்ன வரிசையாக வந்து நிற்கும் என்றும் யாரும் சொல்லவில்லை.

எங்கள் ஊர் கும்பகோணத்துக்குத் தெற்கே, குடமுருட்டிக் கரையில். மாமனார் பேரில் 18 மா நிலம். டெல்டாவுக்கு வெளியே இருக்கிறவர்கள் மூன்று மாவை ஒரு ஏக்கர் என்று வைத்துக்கொள்ளுங்கள். மாமனார் 2019இல் இறந்தபோது பத்திரம் எதுவும் எழுதவில்லை. என் மூத்தாரும் என் வீட்டுக்காரரும் வாய்ப்பேச்சாக ஆளுக்கு 9 மா என்று பிரித்துக்கொண்டு சாகுபடி செய்தார்கள். பட்டா மாமனார் பேரிலேயே கிடந்தது. அண்ணன் தம்பிக்குள் என்ன எழுத்து என்பதுதான் அப்போது எல்லார் வாயிலும் இருந்த பேச்சு. டெல்டாவில் நிறையக் குடும்பங்களில் இன்றைக்கும் இதுதான் நிலைமை. இதைப் படிக்கிற உங்கள் வீட்டிலும் இருக்கலாம். இன்றைக்கே தமிழ்நாடு அரசின் இ-சேவைப் பட்டா தளத்தில் மாவட்டம், வட்டம், கிராமம், சர்வே எண் போட்டுப் பாருங்கள். காசு கிடையாது. யார் பேரில் இருக்கிறது என்று தெரிந்துகொண்டாலே பாதி பயம் முன்கூட்டியே வந்துவிடும், அது நல்லதுதான்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த அன்று சாயங்காலம் மூத்தார் திண்ணையில் உட்கார்ந்து பேச்சை எடுத்தார். "இந்தாம்மா, ரெண்டும் பொம்பளப் புள்ளைங்க. நீ சேத்துல எறங்கி என்ன பண்ணப் போற? நானே சாகுபடி பண்றேன், வருஷத்துக்கு இத்தனை மூட்டைன்னு அளந்து போட்டுடுறேன்." அவர் கெட்ட எண்ணத்தில் சொன்னாரா, நிஜமாகவே அக்கறையில் சொன்னாரா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. "இல்ல மாமா, நானே பாத்துக்குறேன்" என்றேன். அன்றிலிருந்து அவர் என் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை. நான் பட்டா மாற்றத்துக்கு மனு போட்டேன். அவர் ஆட்சேபணை மனு போட்டார். வருவாய்த் துறைக்கு ஒருவர் ஆட்சேபித்துவிட்டால் போதும், காகிதம் அப்படியே உட்கார்ந்துவிடும்.

இந்த இடத்தில் கணவரை இழந்தவர்களுக்கு ஒரு வார்த்தை. இறப்புச் சான்று வாங்கும்போதே நாலைந்து பிரதி சேர்த்து வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வாரிசு சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம், அரசுக் கட்டணம் 60 ரூபாய்தான். அதில் மனைவி, பிள்ளைகளோடு மாமியார் பேரும் வரும். அதைப் பார்த்து நிறையப் பேர் அதிர்ந்துபோகிறார்கள். ஆண்பிள்ளை உயில் எழுதாமல் இறந்தால் அம்மாவுக்கும் ஒரு பங்கு உண்டு, இந்து வாரிசுச் சட்டம் அப்படித்தான். நிலம் மாமனார் பேரில் இருந்தால் அவருடைய வாரிசு சான்றிதழும் தனியாக வேண்டும். அதில் நாத்தனார் பேரும் வரும். இந்த இரண்டாவது காகிதத்தைப் பற்றி எனக்கு யாரும் சொல்லாமல் மாதக்கணக்கில் ஓடிப்போனது.

ஆபீஸ் வாசலில் நான் நிற்பதைப் பார்த்து ஒருவர் வந்து பேசினார். உள்ளே எல்லாரையும் தெரியும், ஒரே மாசத்தில் பட்டா கையில் வாங்கித் தருகிறேன் என்றார். 22,000 ரூபாய் கொடுத்தேன், தாலிக்கொடியை அடகு வைத்து. முதல் மாதம் சர்வேயர் லீவு என்றார். அடுத்த மாதம் எலெக்ஷன் வேலை என்றார். அதற்கடுத்து போனை எடுக்கவில்லை. இப்படி வருகிறவரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: ரசீது தருவீர்களா? பட்டா மாற்றத்துக்கு அரசாங்கத்துக்குக் கட்ட வேண்டியதெல்லாம் ரசீதோடு கட்டுகிற சின்னத் தொகைதான். ரசீது இல்லாத காசு உங்கள் வேலைக்குப் போகிற காசு இல்லை. மனு எங்கே நிற்கிறது என்று தெரிய வேண்டுமானால் தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி ஒரு கடிதம் போட்டாலே 30 நாளுக்குள் பதில் சொல்லியாக வேண்டும்.

2024இல் மேட்டூரை ஜூலை 28ஆம் தேதிதான் திறந்தார்கள். ஆள் வைத்து, கடன் வாங்கி, 9 மாவிலும் சம்பா போட்டேன். ஊரே வேடிக்கை பார்த்தது. தை மாதம் அறுத்து, மூன்று ஏக்கருக்கு 60 குவிண்டால் கண்டது. கொள்முதல் நிலையத்துக் களத்தில் நெல்லைக் கொட்டித் தார்ப்பாய் போட்டு மூடி, பனியில் ராத்திரி முழுக்க நானும் பெரியவளும் காவல் கிடந்தோம். காலையில் ஈரப்பதம் பார்த்தார்கள். 17 சதவீதம் வரைக்கும் எடுப்பார்கள், எங்களுடையது அதற்குள்தான் இருந்தது. நெல்லைக் கையில் அள்ளி ஊதிப் பார்த்த லோடுமேன்கூட "நல்ல மணிக்கா" என்றார். அப்புறம் அடங்கல் கேட்டார்கள், அந்த நிலத்தில் யார் பயிர் செய்கிறார்கள் என்கிற கணக்கு. என் பேரில் அடங்கல் இல்லை. குடும்பத்தில் தகராறு இருக்கிறது, ஆட்சேபணை வந்திருக்கிறது, என்னால் கையெழுத்துப் போட முடியாது என்று கிராம நிர்வாக அலுவலர் கையை விரித்துவிட்டார். அந்தப் பருவத்தில் பொது ரகத்துக்கு அரசு விலை குவிண்டால் 2,405 ரூபாய். மழை வரும்போல் மேகம் திரண்டிருந்தது. வியாபாரி வந்தார், 1,800 என்றார். கொடுத்தேன். குவிண்டாலுக்கு 605 ரூபாய், மொத்தம் 36,300 ரூபாய். பெரியவளின் காலேஜ் ஃபீஸ் அதில்தான் இருந்தது. லாரி போனபிறகு களத்தில் சிந்திக் கிடந்த நெல்லைத் துடைப்பத்தால் கூட்டி ஒரு சாக்கில் கட்டினேன். அப்போதுதான் அழுகை வந்தது. அத்தனை நாள் வரவில்லை.

பட்டா சொத்து யாருடையது என்பதற்கான கணக்கு. அடங்கல், யார் என்ன பயிர் செய்திருக்கிறார்கள் என்பதற்கான கணக்கு. இரண்டும் வேறு வேறு. நாற்று விடும்போதே, பயிர் நிற்கும்போதே, "இன்ன சர்வே எண்ணில் நான்தான் சாகுபடி செய்கிறேன், வந்து பாருங்கள்" என்று எழுதிக் கொடுத்து, ஒப்புகை வாங்கிவிட வேண்டும். மாதாமாதம் கலெக்டர் ஆபீஸில் விவசாயிகள் குறைதீர்க்கும் கூட்டம் நடக்கிறது, அங்கேயும் முன்கூட்டியே சொல்லலாம். நெல்லை அறுத்துக் களத்தில் கொட்டியபிறகு அடங்கலுக்கு அலைந்தால் மழையும் வியாபாரியும்தான் முந்திக்கொள்வார்கள்.

அதற்கப்புறம் எனக்குத் தூக்கம் போய்விட்டது. ராத்திரி இரண்டு மணிக்கு முழிப்பு வரும். மூத்தார் திண்ணையில் உட்கார்ந்து பேசியது, நான் சொல்லாமல் விட்ட பதில்கள், ஆபீஸில் ஒருவர் நிமிர்ந்தே பார்க்காமல் "அடுத்த வாரம் வாங்க" என்றது, எல்லாம் வரிசையாக ஓடும். பிள்ளைகளிடம் எரிந்து விழுந்தேன். பாழும் கிணற்றையும் ஆற்றையும் பார்த்தால் வேறு எண்ணம் வந்த நாட்களும் உண்டு. அதை மறைக்கவில்லை. அப்படி எண்ணம் வருகிறவர்கள் கோயிலுக்குப் போவதற்கு முன்னால் ஒரு மனிதரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். 14416 என்ற எண்ணில் டெலி மானஸ் இருக்கிறது, 104 இருக்கிறது, தமிழிலேயே பேசலாம், காசு இல்லை. நான் என் ஓரகத்தியிடம்தான் சொன்னேன். ஆமாம், மூத்தாரின் மனைவியிடமேதான். கொல்லைப்பக்க வேலியில் நின்று அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். புருஷனுக்குத் தெரியாமல் அன்றிலிருந்து தினம் ஒரு தரம் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போவாள்.

அந்தச் சமயத்தில் ஆளாளுக்கு ஒரு சாமி சொன்னார்கள். கடன் தீர திருச்சேறை ருண விமோசனருக்குத் திங்கள்கிழமை தவறாமல் போ என்றார் ஒருவர். நாகப்பட்டினத்தில் இருக்கிற என் சிநேகிதி, வேளாங்கண்ணிக்கு வந்து மாதாகிட்ட வாய்விட்டு அழுதுட்டுப் போடி என்றாள். மாமியார் ஒரு படி மேலே போய், தெருமுனையில் நின்று மண்ணை வாரித் தூற்றத் தயாராக இருந்தார், பெற்ற மகனுக்கு எதிராகவே. தடுத்து உள்ளே கூட்டி வருவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. ஜோசியர் ஒருவர் வீடு தேடி வந்தார். செய்வினை வைத்திருக்கிறார்கள், எடுக்காவிட்டால் அடுத்தது சின்னப் பெண்ணுக்குத்தான் என்றார். பெற்ற வயிறு என்ன செய்யும்? 18,500 ரூபாய் கைமாறியது. இவர்களை அடையாளம் கண்டுகொள்வது சுலபம்: முதலில் உங்கள் பிள்ளை பேரைச் சொல்லிப் பயமுறுத்துவார்கள், அடுத்து ஒரு தொகை சொல்வார்கள், கடைசியில் இதை யாரிடமும் சொல்லாதே என்பார்கள். அறநிலையத் துறைக் கோயிலில் ஒரு அர்ச்சனைக்குக்கூடச் சீட்டு கிழித்துத் தருகிறார்கள்.

நடவுக்கு வருகிற அக்கா ஒருத்திதான் கொளஞ்சியப்பரைச் சொன்னாள். விருத்தாசலத்துக்குப் பக்கத்தில் மணவாளநல்லூர். "கோர்ட்டு, போலீஸெல்லாம் இருக்கட்டும்டி. மொதல்ல அப்பன்கிட்ட ஒரு பிராது கட்டிட்டு வா. கட்டிட்டா அது அவர் கேஸு." கும்பகோணம் போய், கொள்ளிடம் தாண்டி, ஜெயங்கொண்டம், ஆண்டிமடம் வழியாகப் பஸ்ஸில் போனேன். வயல் பச்சை முடிந்து முந்திரிக்காடு ஆரம்பித்தது. அங்கே முருகனுக்கு உருவம் கிடையாது, பலிபீட வடிவில் சுயம்புவாக இருக்கிறார். போலீஸ் ஸ்டேஷனில் எழுதுவதுபோலவே குறையைக் காகிதத்தில் எழுதி, சாமி பாதத்தில் வைத்துப் பூஜை செய்து, விபூதியோடு பொட்டலமாகக் கட்டி, முனியப்பர் சன்னிதியில் இருக்கும் வேலில் கட்டிவிடுவார்கள். உங்கள் ஊரிலிருந்து கோயிலுக்கு எத்தனை கிலோமீட்டர் என்று கேட்டு அந்தக் கணக்கில் ஒரு சின்னத் தொகை வாங்குகிறார்கள். சம்மன் கொண்டுபோகிறவருக்குப் படி கொடுப்பதுபோல. 90 நாளுக்குள் தீர்ந்துவிடும் என்பது நம்பிக்கை. தீர்ந்ததும் வந்து ராஜினாமா கொடுத்துப் பிராதை வாபஸ் வாங்க வேண்டும்.

மண்டபத்தில் உட்கார்ந்து எழுத ஆரம்பித்தேன். முதல் பக்கம் முழுக்க மூத்தார் என் கல்யாணத்தில் சீர்வரிசையைக் குறை சொன்னதிலேயே போய்விட்டது. இரண்டாம் பக்கத்தில் அவர் குடும்பம் விளங்கக் கூடாது என்று எழுதினேன். பக்கத்தில் ஒரு பெரியம்மா, கையில் எழுதி முடித்த காகிதத்தோடு தன் முறைக்குக் காத்திருந்தார். நான் தாள் மேல் தாளாக எழுதுவதைப் பார்த்துவிட்டு, "சுருக்கமா எழுது ஆயி. என்ன நடந்துச்சு, உனக்கு என்ன வேணும், அவ்வளவுதான். மிச்சமெல்லாம் அவருக்குத் தெரியாமயா இருக்கு" என்றார். எனக்கு என்ன வேண்டும்? அந்தக் கேள்வியை அதுவரை யாரும் என்னிடம் கேட்கவில்லை, நானும் கேட்டுக்கொள்ளவில்லை. மூத்தார் கெட்டுப்போக வேண்டுமா, நெல் போட அடங்கல் வேண்டுமா? அவர் குடும்பத்தில் என் ஓரகத்தியும் இருக்கிறாளே? இரண்டு தாளையும் கிழித்துவிட்டுப் புதிதாக எழுதினேன். சர்வே எண், யார் பேரில் பட்டா, எப்போது மனு கொடுத்தேன், யார் ஆட்சேபணை, நெல்லில் எவ்வளவு நஷ்டம், எனக்கு வேண்டியது என் 9 மா என் பேரில். ஒரே பக்கம். கட்டுவதற்கு முன்னால் போனில் ஒரு போட்டோ எடுத்துக்கொண்டேன்.

திரும்பும்போது பஸ்ஸில் அசந்து தூங்கிவிட்டேன். கும்பகோணத்தில் கண்டக்டர் எழுப்பினார். நம்புவதும் நம்பாததும் உங்கள் விருப்பம். எனக்கு நடந்தது இதுதான்: ராத்திரி இரண்டு மணி முழிப்பு உடனே நின்றுவிடவில்லை, ஆனால் முழித்துக்கொண்டால் சொல்ல ஒரு பதில் இருந்தது. "அது உன்கிட்ட குடுத்த கேஸு. விடியற வரைக்கும் நீ பாரு. விடிஞ்சப்புறம் ஆபீஸுக்கு நான் போறேன்." சத்தமாகவே சொல்வேன், பிள்ளைகள் சிரிக்கும். மூத்தாரைத் தெருவில் பார்த்தால் நெஞ்சு படபடக்கும் இல்லையா, அதுவும் கொஞ்சம் கொஞ்சமாக அடங்கியது.

போனில் இருந்த அந்தப் பக்கத்தையே பார்த்து "கொளஞ்சியப்பர் துணை" என்பதை எடுத்துவிட்டு "மாவட்ட ஆட்சித்தலைவர் அவர்கள்" என்று போட்டு, திங்கள்கிழமை குறைதீர்க்கும் கூட்டத்துக்குத் திருவாரூர் போனேன். மனுநீதிச் சோழன் ஊர். பசு மணியை இழுத்ததும் ராஜாவே இறங்கி வந்த ஊரில் நான் டோக்கன் வாங்கிக்கொண்டு வரிசையில் நின்றேன். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும், ஒரு பக்க மனுவை அங்கே படித்தார்கள். பத்துப் பக்கம் கொண்டுவந்தவர்களிடம் "சுருக்கமாச் சொல்லும்மா" என்றுதான் கேட்டார்கள். மனு எண் போட்டு ரசீது தருவார்கள், அதைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். 1100க்குப் போன் செய்தும் புகாரைப் பதியலாம்.

பதில் வந்தது. சொத்தில் உரிமைப் பிரச்சினை இருப்பதால் உரிமையியல் நீதிமன்றத்தை அணுகவும் என்று இரண்டு வரி. பட்டா உத்தரவு தப்பு என்றால் கோட்டாட்சியரிடம் மேல்முறையீடு போகலாம், ஆனால் சொத்தில் யாருக்கு எவ்வளவு என்பதை வருவாய்த் துறை தீர்மானிக்க முடியாது என்பது அப்போதுதான் தெரிந்தது. கொளஞ்சியப்பரின் 90 நாளும் முடிந்துவிட்டது. ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. இந்தத் தடவை மூத்தார் மேல் இல்லை, சாமி மேல்.

அன்றைக்குக் கமலாலயக் குளத்தில் கால் நனைத்துவிட்டு தியாகராஜர் கோயிலுக்குள் போனேன். ஓதுவார் பாடிக்கொண்டிருந்தார். "மீளா அடிமை உமக்கே ஆளாய்ப் பிறரை வேண்டாதே, மூளாத் தீப்போல் உள்ளே கனன்று முகத்தால் மிக வாடி..." சுந்தரர் தேவாரம். இரண்டு கண்ணும் போய், காஞ்சியில் ஒரு கண் மட்டும் கிடைத்து, மறு கண்ணுக்காக இதே சன்னிதியில் நின்று பாடியது. உங்களையே நம்பி, வேறு யாரிடமும் கையேந்தாமல், உள்ளுக்குள்ளேயே புகைந்து வாடுகிறவர்கள் வந்து கஷ்டத்தைச் சொன்னால், நீங்கள் பேசாமல் இருந்துவிடுவீர்கள், நல்லா வாழுங்கள் சாமி என்று கடைசி வரியில் ஏசுகிறார். இதைத்தான் அந்தக் கோயிலில் இன்றைக்கும் பூ போட்டுப் பாடுகிறார்கள். சாமியிடம் கோபப்பட்டால் பாவம் என்று எனக்கு யார் சொல்லிக் கொடுத்தார்களோ தெரியாது. நானும் தூணோரம் உட்கார்ந்து என் பங்குக்கு ஏசினேன். பாட்டெல்லாம் வரவில்லை, சாதாரண வசவுதான். பூசை முடிந்து குருக்கள் விபூதி கொடுத்தபோது வாங்கிக்கொண்டு எழுந்தேன்.

வெளியே மனு எழுதித் தருகிற ஒரு பெரியவர், பதில் கடிதத்தைப் படித்துப் பார்த்துவிட்டு, "சிவில் கேஸ்னா பயந்துடாதீங்க. பொம்பளைங்களுக்கு இலவச சட்ட உதவி இருக்கு, வருமானமெல்லாம் பாக்க மாட்டாங்க. கோர்ட் வளாகத்துல கேளுங்க" என்றார். நான் பட்ட பாட்டில் எல்லாருக்கும் சொல்ல வேண்டிய முதல் தகவல் இதுதான், எனக்குக் கிடைத்தது கடைசியில். 1987ஆம் வருஷச் சட்டப்படி பெண்களுக்கு வருமான வரம்பு இல்லாமல் இலவசமாக வக்கீல் உண்டு. 15100க்குப் போன் செய்தால் உங்கள் ஊருக்கு எந்தச் சட்டப்பணிக் குழு என்று சொல்வார்கள். வழக்கே போடாமல், மனுவாக எடுத்துக்கொண்டு இரண்டு தரப்பையும் கூப்பிட்டுப் பேசவும் செய்வார்கள். அதற்கும் கட்டணம் இல்லை. மக்கள் நீதிமன்றத்தில் சமரசமாக முடிந்தால் அது கோர்ட் தீர்ப்புக்குச் சமம், அப்பீலுக்கு இழுக்க முடியாது.

வக்கீலம்மா காகிதங்களைப் பார்த்துவிட்டு ஒரு வெள்ளைத்தாளில் கணக்குப் போட்டார். மாமனார் தானே வாங்கிய சொத்து, உயில் இல்லை. வாரிசுகள் மாமியார், இரண்டு மகன், ஒரு மகள். நாலு பங்கு. ஆளுக்கு நாலரை மா. உங்கள் வீட்டுக்காரர் பங்கு நாலரைதான், அதிலும் அம்மாவுக்கு ஒரு பங்கு உண்டு என்றார். எனக்குத் தலை சுற்றியது. கொளஞ்சியப்பருக்கே "என் 9 மா" என்றுதான் எழுதிக் கொடுத்திருந்தேன். அப்போது என் நாத்தனார்? கும்பகோணத்தில் வாடகை வீட்டில் இருக்கிறாள். பொங்கலுக்கு வந்து புடவை வாங்கிக்கொண்டு போவாள். நிலத்தைப் பற்றி ஒரு நாளும் வாய் திறந்ததில்லை. அவள் அண்ணன்கள் இரண்டு பேரும் அவளைக் கேட்டதும் இல்லை.

சமரசப் பேச்சுக்கு எல்லாருக்கும் நோட்டீஸ் போனது. மூத்தார் முதல் தடவை வரவில்லை. அடுத்த தடவை ஓரகத்தி கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள். நாலு பங்குக் கணக்கை வக்கீலம்மா அவருக்கும் சொன்னபோது அவர் முகமும் என் முகம்போலவே ஆனது, அதைப் பார்த்து எனக்கு ஒரு அற்பச் சந்தோஷம். சட்டப்படி போனால் இரண்டு பேருக்கும் கையில் இருப்பதில் பாதி போகும். நாத்தனார்தான் பேசினாள். "எனக்கு நாலரையும் வேணாம் அண்ணி. ஆனா ஒண்ணும் வேணாம்னு கையெழுத்துப் போட மாட்டேன். ரெண்டு மா என் பேர்ல எழுதுங்க, போதும்." மாமியார் தன் பங்கை இரண்டு மகன் வீட்டுக்கும் சரிபாதியாக விட்டுக் கொடுத்தார், கடைசி வரைக்கும் இரண்டு வீட்டிலும் சோறு போட வேண்டும் என்று எழுதச் சொல்லி. மூத்தாருக்கு 8 மா, எங்களுக்கு 8 மா, நாத்தனாருக்கு 2 மா. பாகப்பிரிவினைப் பத்திரமாகப் பதிவு செய்தோம். குடும்பத்துக்குள் என்றால் முத்திரைத் தீர்வை கிரயப் பத்திரத்தைவிட ரொம்பக் குறைவு, சார்பதிவாளர் ஆபீஸில் கேட்டுக்கொள்ளுங்கள். என் பெண்கள் இரண்டு பேருக்கும் 18 முடிந்துவிட்டதால் அவர்களே கையெழுத்துப் போட்டார்கள். மைனராக இருந்தால் அவர்கள் பங்கை விட்டுக்கொடுக்கவோ விற்கவோ கோர்ட் அனுமதி வாங்க வேண்டும், இல்லாவிட்டால் பின்னால் செல்லாமல் போய்விடலாம்.

2026 தை மாதம் என் பேரில் அடங்கல் வாங்கி, பொது ரகம் குவிண்டால் 2,500 ரூபாய்க்குக் கொள்முதல் நிலையத்தில் நெல் போட்டேன். காசு பேங்கில் ஏறியது. தரகரிடமும் ஜோசியரிடமும் போன 40,500 ரூபாய் போனதுதான். தாலிக்கொடியை மீட்டாயிற்று.

இதில் சாமி என்ன செய்தார் என்று என் பெரியவள் கேட்கிறாள், காலேஜில் படிக்கிறவள். நான் கேட்ட 9 மாவை அவர் தரவில்லை. 90 நாளில் முடிக்கவும் இல்லை. ஆனால் ராத்திரியெல்லாம் அந்தக் காகிதத்தை நெஞ்சில் வைத்துக்கொண்டு நான் புரண்டிருந்தால், காலையில் எழுந்து கோர்ட் படி ஏறத் தெம்பு இருந்திருக்காது. மூத்தாரோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருக்கவும் முடியாது. அவளுக்கு இந்தப் பதில் போதவில்லை. எனக்குப் போதும். நீங்கள் எந்தச் சாமியைக் கும்பிடுகிறவரோ, அந்தச் சாமியிடமே ஒரு பக்கம் எழுதிப் பாருங்கள். கையால் எழுதுங்கள், சாபம் வேண்டாம், என்ன வேண்டும் என்பதை ஒரு வரியிலாவது சொல்லுங்கள், ஒரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள்.

பிராதை வாபஸ் வாங்க நாத்தனாரும் நானும் சேர்ந்து மணவாளநல்லூர் போய்விட்டு வந்தோம். இன்னும் உட்பிரிவு அளந்து தனிப் பட்டா வரவில்லை. அளவைக்குப் பணம் கட்டிய ரசீதை இறப்புச் சான்று இருக்கிற அதே கவரில் போட்டு வைத்திருக்கிறேன். சர்வேயர் போன வாரம் வருவதாகச் சொன்னார், வரவில்லை. வருகிற திங்கள்கிழமை போய்க் கேட்க வேண்டும். மூத்தாரும் வருகிறாராம், அவருடைய 8 மாவும் அளக்கவில்லை.